ஹோம்ஸ்கூல் வீடுகளில் துப்பாக்கி: வைத்திருக்கிறீர்களா, இடுப்பில் எடுத்துச் செல்கிறீர்களா?

நிலாமுற்றம் (டாலஸ் அருகே, டெக்சஸ்)

வணக்கம். கணக்குப் புத்தகம், பாடத்திட்டம் என்றே இங்கு கேட்டு வந்தேன். இன்று கேட்பது வேறு.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்பது வயது, ஆறு வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நாங்கள் பாடம் நடத்துகிறோம், அதாவது ஹோம்ஸ்கூல். வியாழக்கிழமைகளில் ஒரு தேவாலயக் கூடத்தில் ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் வகுப்புக்குப் போகிறோம். அங்கே அறிவியல் எடுக்கும் ஒரு தாய், கீழே விழுந்த காந்தத்தை எடுக்கக் குனிந்தபோது சட்டை விலகி இடுப்பில் கைத்துப்பாக்கி உறை தெரிந்தது. என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு மெல்ல விசாரித்தால் பல பெற்றோர் வைத்திருக்கிறார்கள். சிலர் காரில், சிலர் உடம்பில்.

கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வந்ததிலிருந்து என் கணவருக்கும் அந்த யோசனை வந்துவிட்டது. "பகல் முழுக்க நீயும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறீர்கள்" என்கிறார். தனியாக இருக்கிறோம் என்பதாலேயே எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. இங்குள்ள பெற்றோர் என்ன செய்கிறீர்கள்? வைத்திருந்தால் எங்கே? எடுத்துச் செல்கிறீர்களா? பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் கேட்கிறீர்கள்?

கொங்குநாட்டான் (கேட்டி, டெக்சஸ்)

வைத்திருக்கிறேன் சகோதரி. ஒரு ஷாட்கன், ஒரு கைத்துப்பாக்கி. வேட்டைக்குப் போகிறவன் நான். இங்கே காட்டுப்பன்றித் தொல்லை எவ்வளவு என்று விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

ஊரில் எங்கள் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வருவார். இங்கே கடைக்குப் போனால் ஒரு படிவம், ஒரு பின்னணிச் சோதனை, பெரும்பாலும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குவது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது வைத்துக் காப்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. சிக்கல் அங்கேதான்.

நான் வெளியே எடுத்துச் செல்வதில்லை. காலையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவன். சின்னவள் முதுகில் ஏறுவாள், இடுப்பைப் பிடித்துத் தொங்குவாள். அந்த இடுப்பில் துப்பாக்கியை எப்படி வைப்பது?

மூத்தவன் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வாங்கிவிட்டான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட இந்தப் படிப்பை முடிக்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து சான்றிதழ் தருகிறார்கள். அதை அவன் பாடத்தில் ஒரு பகுதியாகவே சேர்த்தேன்: உயிரியல், வரைபடம் படித்தல், சட்டம் எல்லாம் அதில் வருகிறது. இதற்காகவே ஹோம்ஸ்கூல் செய்கிறேன் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அது பொய்.

ஒஹாயோக்காரி

இல்லை. எங்கள் வீட்டில் பதினைந்து வயது மகன் மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருக்கிறான். பள்ளியிலிருந்து அவனை எடுத்ததற்குக் காரணமே அதுதான். எந்தப் பெட்டகமும் எனக்குப் போதாது. மேற்கொண்டு விவாதிக்க விருப்பமில்லை, கேட்டதால் சொன்னேன்.

சட்டப்பிரியன் (நியூ ஜெர்சி)

வைக்கலாமா என்று பேசும் முன், வைத்திருக்க உங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். நம் ஆட்கள் பலர் இதை அறியாமலே துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு நண்பர்களோடு போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள்.

எச்-1பி (வேலைக்கு வருபவர்), எச்-4 (அவருடைய துணைவர், பிள்ளைகள்), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அது இல்லாமல் மாட்டினால் 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதினைந்து ஆண்டு வரை சிறை. நாடு கடத்தவும் தனிப் பிரிவு உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

இதில் ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீடுகளில் பகலில் பிள்ளைகளோடு இருப்பவர் பெரும்பாலும் எச்-4 தாய். சம்பாதிப்பவர் குடியுரிமை பெற்றவராக இருந்து துப்பாக்கி வாங்கி அலமாரியில் வைத்து, சாவியையோ பூட்டைத் திறக்கும் எண்களையோ மனைவியிடம் கொடுத்தால், அந்தப் பெண்ணும் அதை 'வைத்திருப்பவர்' என்று அரசுத் தரப்பு வாதிட முடியும். கையில் தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. "என் மனைவியின் பாதுகாப்புக்காக வாங்கினேன்" என்று சொல்கிறவர்கள் முதலில் மனைவியின் விசாவைப் பார்க்கட்டும்.

நிலாமுற்றம்

நல்ல வேளை, எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு. ஆனால் என் தங்கை எச்-4இல் இருக்கிறாள், மாதக்கணக்கில் இங்கு வந்து தங்குவாள். அதை யோசிக்கவே இல்லை.

இன்னொரு சந்தேகம். டெக்சஸில் ஹோம்ஸ்கூல் என்பது தனியார் பள்ளி என்கிறார்கள். பள்ளி வளாகத்தில் துப்பாக்கி கூடாது. அப்படியானால் என் வீடு எந்தக் கணக்கு? கோ-ஆப்பில் ஒருவர் இதைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டப்பிரியன்

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை, நீதிமன்றம் வரை போன சட்டம் அது. உங்கள் மாநிலத்தில்தான் தொடங்கியது.

1990இல் பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று கூட்டாட்சி அரசு சட்டம் போட்டது. சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்து மாட்டினான். லோபஸ் என்ற அந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இப்படிச் சட்டம் போட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை என்று அடித்துப்போட்டது. மறு ஆண்டே, துப்பாக்கி மாநிலங்களுக்கிடையே வணிகத்தில் நகர்ந்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்து அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றும் இருக்கிறது.

எது பள்ளி என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும் என்கிறது அது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, மதப் பள்ளி எல்லாம் அடக்கம். 1994இல் லீப்பர் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், முறையான பாடத்திட்டத்தோடு உண்மையாகவே கற்பிக்கும் ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகக் கருத வேண்டும் என்றது. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒட்டிப் படித்தால் உங்கள் சாப்பாட்டு மேசை பள்ளி வளாகம். பள்ளி வளாகத்தைச் சேராத தனியார் நிலத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் வளாகமே உங்கள் வீடு என்றால் அந்த விலக்கு வழுக்குகிறது.

இதற்குச் சுலபமான மருந்து, கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல மாநிலம் தரும் உரிமம். பள்ளி இருக்கும் மாநிலமே சோதித்து உரிமம் வழங்கியிருந்தால் கூட்டாட்சித் தடை அவரைத் தொடாது. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பியவர், சட்டத் தடை எதுவும் இல்லாதவராக இருந்தால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படி உரிமம் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டை விடுங்கள், எந்த அரசுப் பள்ளிக்கும் ஆயிரம் அடிக்குள் பொதுச் சாலையில் நடந்தாலும் கூட்டாட்சி விலக்கு கிடையாது. தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில் கொண்டுபோனால் சரி. மாநிலம் வேண்டாம் என்றதற்காக உரிம வகுப்பைத் தவிர்க்காதீர்கள்.

தற்காப்பு (சான் அன்டோனியோ அருகே)

சட்டப் புத்தகம் திருடனைத் தடுக்காது நண்பரே.

பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த யுவால்டி எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. 2022 மே 24. இறந்தவர்கள் பத்தொன்பது குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். துப்பாக்கியோடும் கவசத்தோடும் பள்ளித் தாழ்வாரத்தில் நின்ற போலீஸ் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம். அந்த வாரமே என் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்தேன். அவளை என் கையில் காப்பேன் என்று எடுத்துவிட்டு, காக்கும் கருவி வேண்டாம் என்று சொன்னால் அதில் என்ன பொருள் இருக்கிறது?

நான் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இடுப்பில் வைத்திருக்கிறேன். வீட்டிலும்தான். குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கிக்கு மிகப் பத்திரமான இடம் பெற்றோரின் உடம்பு. அலமாரி, படுக்கை, கார் எல்லாவற்றையும் குழந்தை திறக்கும். என் இடுப்பை என்னை மீறித் திறக்காது. பூட்டிய பெட்டியில் இருப்பதற்கும் இல்லாததற்கும் ஆபத்து நேரத்தில் வேறுபாடு இல்லை. கொங்குநாட்டான் அண்ணன் பன்றிக்கு மட்டும் தயாராக இருக்கிறார்.

கொங்குநாட்டான்

பன்றி என்னிடம் சொல்லிக்கொண்டு வருவதில்லை தம்பி.

குழந்தைமருத்துவர் (அட்லாண்டா)

தற்காப்பு சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. அலமாரி உச்சி, மெத்தைக்கு அடியில், காரின் கையுறைப் பெட்டி இவற்றைவிட நல்ல உறையில் உடம்போடு இருப்பது மேல். அவர் விட்டுவிட்ட மீதிப் பாதி: குளிக்கும்போது எங்கே? காய்ச்சலில் படுத்திருக்கும்போது? மதியம் கண் அயரும்போது? கழற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் அது எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது.

மற்ற வீடுகளுக்கும் ஹோம்ஸ்கூல் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு யாரும் பேசவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை நாளில் ஏழெட்டு மணி நேரம் வீட்டில் இல்லை. நம் பிள்ளைகளும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுக்க இருக்கிறார்கள். ஒரு தாய், மூன்று பிள்ளைகள். ஒருவனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இருவர் எந்த அறையில்? பெற்றோர் எப்போதும் கூடவே இருப்பதால் ஹோம்ஸ்கூல் வீடு பாதுகாப்பானது என்கிறோம். கூட இருப்பதும் கண்காணிப்பதும் வேறு வேறு. அடுப்பில் பால் வைத்த யாருக்கும் இது தெரியும்.

தற்காப்பு

என் மகளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறேன் டாக்டர். தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல். கனவில் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

குழந்தைமருத்துவர்

ஒப்பிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2001இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். இழுப்பறைகளில் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கிகளும், சுட முடியாதபடி செய்த ஓர் உண்மையான கைத்துப்பாக்கியும். பதினைந்தே நிமிடம். 48 பேர் உண்மையான துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை அழுத்தினார்கள். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதை பொம்மை என்று நினைத்தார்கள் அல்லது எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு விதத்தில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்.

2006இல் அலபாமாவில் நடந்த இன்னோர் ஆய்வில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டார்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது என்ற பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள் எங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் நினைவாற்றலைப் பூட்டாக நம்பாதீர்கள். ஒஹாயோக்காரி அம்மா எழுதியதையும் கடந்து போகாதீர்கள். 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடன் வந்து நடந்த சாவுகள் இந்தக் கணக்கில் எவ்வளவு சிறிய மூலை என்று நீங்களே யோசியுங்கள். மன உளைச்சலால் பள்ளியை விட்டு வந்த பதின்பருவப் பிள்ளைகள் ஹோம்ஸ்கூல் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் ஒரே வார்த்தைதான் சொல்வேன்: வேண்டாம். ஏற்கனவே இருந்தால் வெளியே அனுப்புங்கள். உறவினர் வீட்டிலோ, வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் கடையிலோ.

நெறியாளர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கட்சி அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. நிலாமுற்றம் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மதுரைமல்லி (ஆஸ்டின்)

நான் சொல்கிறேன். விளையாட அழைக்கும் வீட்டில் கேட்பது எப்படி?

தனியாக அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக் கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். நான் ஒரே மூச்சில் கேட்பேன்: "என் மகனுக்கு முந்திரி ஒவ்வாமை. உங்கள் வீட்டில் நாய் உண்டா? நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா? துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" கடைசியை 'இருக்கிறதா' என்று முடிக்காதீர்கள். இருக்கிறதா என்றால் அவர்கள் அந்தரங்கம். பூட்டியிருக்கிறதா என்றால் என் பிள்ளையின் பாதுகாப்பு.

இங்குள்ள அமெரிக்கத் தாய்மார்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் பெட்டகத்தையே திறந்து காட்டினார்கள். கோபித்துக்கொண்டது ஒரு தமிழ்க் குடும்பம். "எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என்று அந்த அண்ணி மூன்று மாதம் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வீட்டில் இருந்தது. அண்ணன் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தார், அண்ணிக்கே தெரியாது.

ஒஹாயோக்காரி

இந்தக் கதை என்னைச் சிரிக்க வைத்தது, பிறகு பயமுறுத்தியது.

கொங்குநாட்டான்

மனைவிக்குத் தெரியாமல் துப்பாக்கி வாங்குகிறவன் பூட்டும் வாங்கியிருக்க மாட்டான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிலடெல்பியாவாசி

மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு வேறுபாடு பாருங்கள். டெக்சஸில் ஹோம்ஸ்கூலைப் பதிவுகூடச் செய்ய வேண்டியதில்லை. எங்கள் பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோம். வீட்டிலுள்ள பெரியவர் யாரும் கடந்த ஐந்தாண்டில் குறிப்பிட்ட சில குற்றங்களில் தண்டனை பெறவில்லை என்பதும் அதில் அடக்கம். துப்பாக்கி பற்றி ஒரு வரியும் இல்லை.

2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றவன் சில காலம் வீட்டில் தாயிடம் படித்தவன். துப்பாக்கிகளும் தாயுடையவை, முதலில் கொல்லப்பட்டவரும் அவர்தான். பிறகு கனெடிகட் மாநிலம் அமைத்த ஆலோசனைக் குழு, நடத்தைச் சிக்கல் உள்ள ஹோம்ஸ்கூல் பிள்ளைகளைக் கூடுதலாகக் கண்காணிக்கப் பரிந்துரைத்தது. ஹோம்ஸ்கூல் சங்கங்கள் கொதித்தன. எனக்கும் அந்தப் பரிந்துரை பிடிக்கவில்லை. அவன் பல ஆண்டுகள் அரசுப் பள்ளியிலும் படித்தவன்தானே. ஆனால் துப்பாக்கியும் ஹோம்ஸ்கூலும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதை அறிந்து நடந்துகொள்வது நல்லது. பிள்ளை கையில் துப்பாக்கியோடு நிற்கும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடும் பெற்றோரை என்ன சொல்ல?

தற்காப்பு

சட்டத்துக்கு உட்பட்டதைச் செய்ய யாருக்குப் பயப்பட வேண்டும்?

சட்டப்பிரியன்

சட்டத்துக்கு உட்பட்டது எது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டெக்சஸ் தண்டனைச் சட்டம் பிரிவு 46.13: சுடத் தயாரான துப்பாக்கி பதினேழு வயதுக்கு உட்பட்டவர் கையில் கிடைக்கும்படி கவனக்குறைவாக விட்டால் குற்றம். குண்டு அறையில் தோட்டா இல்லாவிட்டாலும் துப்பாக்கியில் தோட்டா இருந்தாலே அது சுடத் தயாரானது. சாதாரணமாக அபராதத்தோடு போகும். பிள்ளை சுட்டு யாருக்காவது கடுங்காயமோ மரணமோ நேர்ந்தால் ஓராண்டு வரை சிறை. வேட்டைக்குப் பெரியவர் கூட இருந்து கொடுப்பதற்கு விலக்கு உண்டு, அதனால் கொங்குநாட்டான் நிம்மதியாக இருக்கலாம். மிச்சிகனில் இதைவிடத் தூரம் போய்விட்டார்கள்: 2021இல் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றவனின் தாய், தந்தை இருவருக்கும் 2024இல் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தற்காப்பு பக்கம், நான் டாக்டர் பக்கம் என்று தொடங்கி, என் தங்கையின் விசாவில் வந்து நின்றோம். அவள் இங்கே தங்கும் வரை வீட்டுக்குள் துப்பாக்கி இல்லை என்று அவரே சொன்னார். அவள் போன பிறகும் இடுப்பில் வைப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பெட்டகத்தில் என்றால் பேசலாம் என்றேன். அதுவரை வாசல் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், ஒரு கேமரா.

கோ-ஆப்பிலும் பேசினேன். கூடம் தேவாலயத்துடையது, யார் என்ன கொண்டு வரலாம் என்பதை அவர்கள்தான் அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்ல வேண்டுமாம். அடுத்த கூட்டத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காந்தம் எடுத்த அந்தத் தாயே "நல்ல கேள்வி, முன்பே பேசியிருக்க வேண்டும்" என்றார்.

கொங்குநாட்டான் அண்ணா, பெட்டகம் எப்படிப்பட்டது வாங்கினீர்கள்?

கொங்குநாட்டான்

நீளத் துப்பாக்கிக்கு ஆள் உயர எஃகுப் பெட்டகம், சுவர்ச் சட்டத்திலும் தரையிலும் போல்ட் போட்டு இறுக்கியது. போல்ட் போடாத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். கைத்துப்பாக்கிக்கு விரல்ரேகைப் பெட்டி. மலிவான மாடல் வேண்டாம், யார் விரல் வைத்தாலும் திறப்பதாகப் புகார்கள் உண்டு. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். பூட்டு எண்ணாகப் பிள்ளைகளின் பிறந்த நாளை வைக்காதீர்கள், அதைத்தான் அவர்கள் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். கைத்துப்பாக்கியோடு கடையில் தரும் கம்பிப் பூட்டையும் தூக்கிப் போட வேண்டாம், வண்டியில் கொண்டுபோகும்போது உதவும்.

தற்காப்பு

விரல்ரேகைப் பெட்டியில் எந்த மாடல் நன்றாக இருக்கிறது அண்ணா? எனக்குத்தான். குளிக்கும் நேரத்துக்கு.